கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதியதை க்யூபிசம் என்று சொல்வது சரியா?

ஈரக்காகிதம்:

அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் டெண்டர் பட்டன்ஸ் படிக்க ஆரம்பித்துப் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 1914ல் வந்த சின்னப் புத்தகம்தான். பொருட்கள், உணவு, அறைகள் என்று மூன்று பகுதி. முதலில் ஒரு கண்ணாடிக் குடுவை வருகிறது, அதைக் குருட்டுக் கண்ணாடி என்கிறார், அது வரை பிடித்திருந்தது. அப்புறம் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் என்ன உறவு என்றே சொல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கட்டுரைகளைத் தேடினால் எல்லாரிடமும் ஒரே பதில், க்யூபிசம், அதாவது ஒரு பொருளைத் துண்டு துண்டாக உடைத்துப் பல கோணங்களை ஒரே படத்தில் காட்டும் ஓவிய முறை, அதில் பிக்காசோ வண்ணத்தில் செய்ததை இவர் சொல்லில் செய்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்தார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். க்யூபிச ஓவியத்தில் ஒரு கிடாரை எத்தனை துண்டாக்கினாலும் கம்பியோ வளைவோ ஏதோ ஒன்று கண்ணில் படும், இது கிடார் என்று பிடித்துக்கொள்ளலாம். ஸ்டைனிடம் அந்தப் பிடிகூட இல்லை, அப்படியிருக்க இது எந்த வகையில் க்யூபிசம்? அடுத்தது, அவர் வீட்டுச் சுவர் முழுக்க செசான், மத்தீஸ், பிக்காசோ என்று பெரிய ஓவியர்களின் படங்கள். சரி. ஆனால் வாங்கி மாட்டுவதும் புரிந்துகொள்வதும் ஒன்றா? கையில் காசு இருந்தது, சரியான நேரத்தில் பாரிசில் இருந்தார், அவ்வளவுதானா? கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.


சுண்ணாம்புச்சுவர்:

நான் படம் வரைகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிக்காசோவிடம் போய்த் தேடுவதால்தான் இந்தச் சிக்கலே. ஸ்டைனுக்குக் கிடைத்தது செசானிடமிருந்து.

1903ல் அவர் பாரிசுக்கு வருகிறார். அண்ணன் லியோ முன்பே வந்து ஃப்ளூரூஸ் தெரு 27ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். இரண்டு பேரும் வொல்லார் என்ற வியாபாரியின் கடையைக் குடைந்து குடைந்து படம் பார்ப்பார்கள், 1904ல் அங்கேயே ஒரு செசானை வாங்கினார்கள். ஓவியரின் மனைவி விசிறியோடு உட்கார்ந்திருக்கும் படம், இப்போது சூரிக்கில் பியூர்லே சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் த்ரீ லைவ்ஸ் என்ற தொகுப்பின் கதைகளை எழுதினேன் என்கிறார் ஸ்டைன். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் மூன்று கதைகளை மொழிபெயர்க்கப் போய், அது எப்படியோ சொந்தக் கதைகளாக மாறிவிட்டது.

அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். முகத்துக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு, பின்னாலிருக்கும் சுவருக்கு மிச்சம் மீதி என்று செசான் கவனத்தைப் பங்கு போடவில்லை. கன்னத்துக்குக் கொடுத்த உழைப்பு அத்தனையும் நாற்காலிக் கைக்கும் உண்டு. முன்னாலிருந்த ஓவியங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு மையம் இருக்கும், மற்றதெல்லாம் அதற்கு எடுபிடி. ஸ்டைன் 1946ல், சாவதற்குச் சில மாதம் முன்னால், ஒரு நேர்காணலில் இதையேதான் சொன்னார்: ஒரு பகுதி இன்னொன்றைப் போலவே முக்கியம், ஒவ்வொரு பகுதியும் முழுசுக்குச் சமமாக முக்கியம், இது செசானிடமிருந்து வந்தது, அந்த யோசனையில்தான் த்ரீ லைவ்ஸ் எழுதத் தொடங்கினேன் என்று.

இப்போது அதிலிருக்கும் மெலங்தா கதையைப் படியுங்கள். காதலர்கள் இருவர் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உச்சக்கட்டம் என்று எதையும் தூக்கிக் காட்டவில்லை. 'எப்போதும்', 'நிச்சயமாக', 'இப்போது' மாதிரி யாரும் கண்டுகொள்ளாத சொற்கள் பெயருக்கும் வினைக்கும் சமமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. (கறுப்பின மக்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கும் சில வரிகள் இன்று படிக்கச் சகிக்காது, அதற்கும் தயாராக இருங்கள்.) 1909ல் சொந்தக் காசு போட்டு நியூயார்க்கில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். பதிப்பகத்தார் அதைப் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் சரியாக வருமா என்று விசாரிக்கப் பாரிசில் அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார்களாம்.

த்ரீ லைவ்ஸை எழுதிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பிக்காசோ இவரை வரைகிறார், 1905 கடைசியிலும் 1906லும். மொன்மார்த்ர் குன்றின் மேல் பிக்காசோவின் அறை. ஸ்டைன் அங்கே போய் உட்காருவதும், திரும்ப ஊருக்குள் நடந்து வருவதும், அந்த நடையிலேயே மெலங்தாவுக்கான வாக்கியங்களை மனசுக்குள் கட்டுவதுமாகப் பல மாதம் போயிருக்கிறது. எண்பது தொண்ணூறு தடவை உட்கார்ந்தேன் என்பது அவர் கணக்கு. பிக்காசோ கையின் வேகத்தைத் தெரிந்தவர்கள் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஒருநாள், உன்னைப் பார்த்தால் எனக்கு நீ தெரிவதே இல்லை என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு, வரைந்த தலை முழுவதையும் அழித்துவிட்டார். கோடைக்கு ஸ்பெயினில் கோசோல் என்ற மலைக் கிராமத்துக்குப் போய்விட்டு வந்து, ஸ்டைன் எதிரில் இல்லாமலே, ஸ்பெயினின் பழைய ஐபீரியச் சிலைகளின் சாயலில் முகமூடி மாதிரி ஒரு தலையை வைத்து முடித்தார். சாயல் இல்லையே என்றவர்களிடம், பரவாயில்லை, வரும் என்றாராம். உடம்பு ஒரு பாணி, தலை வேறு பாணி, அந்த ஒட்டு படத்தில் இன்றும் தெரிகிறது, எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

க்யூபிசத்துக்கு வருகிறேன். பழுப்பு வண்ணத்தில் ஒரு திட்டு வைத்தால் அதற்கென்று அர்த்தம் கிடையாது, பக்கத்தில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து அது கிடார் ஆகும், மேசை ஆகும், வெறும் நிழலாகவும் போகும். சொல் அப்படி இல்லை, அர்த்தத்தோடுதான் வந்து சேரும். அதனால் 1910, 1911ல் பிக்காசோவும், அவரோடு சேர்ந்து க்யூபிசத்தை உருவாக்கிய ஓவியர் ப்ராக்கும் போட்ட அந்தச் சாம்பல் பழுப்புப் படங்களைச் சொல்லில் போட முடியும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் கேட்கும் பிடி கிடைக்காததற்கு அதுதான் காரணம். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 1912ல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியைப் படத்தில் ஒட்டுகிறார், சீக்கிரமே செய்தித்தாள் துண்டுகளும் ஒட்டப்படுகின்றன. அதே 1912 கோடையில்தான் ஸ்டைன் ஸ்பெயினில் டெண்டர் பட்டன்ஸைத் தொடங்குகிறார். வேறெங்கோ வேலையாக இருந்த சொல்லை அங்கிருந்து கத்தரித்து இங்கே ஒட்டுவது என்று பார்த்தால், ஒட்டுப்படத்துக்கும் அதற்கும் உறவு உண்டு.


நாலாம்வரிசை:

செசான் வரை சம்மதம். ஆனால் இந்த அம்மா ஓவியம் பார்ப்பதற்கு முன்னாடியே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர், அதை விட்டுவிட்டீர்களே சுண்ணாம்புச்சுவர்.

ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸிடம் உளவியல் படித்திருக்கிறார். 1896ல் லியோன் சாலமன்ஸ் என்ற சக மாணவரோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார், கவனம் வேறு இடத்தில் இருக்கும்போது கை தானாக எழுதுமா என்பதைப் பற்றி. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம், அதைப் பட்டம் வாங்காமலே விட்டுவிட்டார். 1934ல் பி.எஃப். ஸ்கின்னர் (ஆமாம், எலி, புறாக்களை வைத்துச் சோதனை செய்த உளவியலாளர் ஸ்கின்னரேதான்) அந்தப் பழைய கட்டுரையைத் தோண்டி எடுத்து, டெண்டர் பட்டன்ஸ் இப்படித் தானாக எழுதியதுதான் என்று அட்லாண்டிக் பத்திரிகையில் எழுதினார். ஸ்டைன் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. மேக்கிங் ஆஃப் அமெரிக்கன்ஸ் என்று 925 பக்கத்துக்கு ஒரு நாவலை 1903 தொடங்கி 1911 வரை இழுத்து இழுத்து எழுதியவரின் கை தானாக ஓடியது என்றால் அது ரொம்ப விசித்திரமான கைதான்.

ஆனால் கவனம் என்ற விஷயம் அவரை விட்டுப் போகவே இல்லை. ஒரு மனிதரை இப்போது, இந்த நொடியில், திரும்ப அடுத்த நொடியில் கவனித்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர் எழுதிய சொற்சித்திரங்கள் எல்லாம். 1934, 35ல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தபோது அவர் சொன்ன ஒப்புமை சினிமா. படச்சுருளில் ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து துளி மாறியிருக்கும், ஒன்றுபோல் இரண்டு இருக்காது, நான் செய்வதும் அதுதான், திரும்பச் சொல்வது வேறு, அழுத்திச் சொல்வது வேறு என்றார்.

சரி, ஓவியர்களைப் பற்றி எழுதினாரே அதையாவது பாருங்கள். 1912 ஆகஸ்டில் புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ் தன் கேமரா வொர்க் இதழில் ஸ்டைன் எழுதிய மத்தீஸ், பிக்காசோ என்ற இரண்டு சொற்சித்திரங்களைப் போடுகிறார். இரண்டிலும் ஒரு படம் இல்லை, ஒரு நிறத்தின் பெயர் இல்லை, தூரிகை இல்லை! மத்தீஸ் சித்திரத்தில் ஒருவர் தான் செய்வது தவறோ என்று நெடுநாள் குழம்பி, தவறில்லை என்று நிச்சயத்துக்கு வருகிறார், அவர் பெரியவர்தான் என்று சிலருக்கு நிச்சயம், சிலருக்கு நிச்சயம் இல்லை, இப்படியே இருபுறமும் ஊசலாடிக்கொண்டிருக்கும். பிக்காசோ சித்திரத்தில் ஒருவரைச் சிலர் பின்தொடர்கிறார்கள், அவர் வேலை செய்துகொண்டே இருக்கிறார், அவருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்துகொண்டே இருக்கிறது. யார் பக்கம் சாய்கிறார் என்பது வெளிப்படை. ஆனால் அந்தச் சாய்வை அவர் கருத்தாகச் சொல்லவே இல்லை, வாக்கியத்தின் நடையிலேயே வைத்துவிட்டார். ஒன்று தயங்கித் தயங்கி நடக்கிறது, இன்னொன்று நிற்கவே மாட்டேன் என்கிறது. இதை க்யூபிசம் என்று கூப்பிட்டால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.


பழையபேப்பர்:

நான் அந்த இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன், வாங்கினாரா புரிந்துகொண்டாரா என்பதற்கு.

முதலில், கோடீஸ்வரர்கள் இல்லை. பெரிய அண்ணன் மைக்கேல் பார்த்துக்கொண்ட குடும்பச் சொத்திலிருந்து மாதாமாதம் வந்ததை வைத்து வாழ்ந்தவர்கள், அப்போது யாருக்கும் வேண்டாத படங்களாக இருந்ததால் வாங்க முடிந்தது. 1905 இலையுதிர்கால சலோன் கண்காட்சியில் மத்தீஸின் தொப்பி அணிந்த பெண் படத்தைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது, அதை 500 பிராங்க் கொடுத்து வாங்கினார்கள். பூக்கூடையோடு நிற்கும் சிறுமி, பிக்காசோவின் படம், 150 பிராங்க். அந்தப் பெண்ணின் கால் பிடிக்கவில்லை என்று கெர்ட்ரூட் அடம் பிடிக்க, பிடிக்காவிட்டால் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று வியாபாரி யோசனை சொன்னாராம்! லியோதான் பிடிவாதமாக நின்று வாங்கினார். 2018ல் அது ஏலத்தில் 11.5 கோடி டாலருக்குப் போனது, காலோடுதான்.

ஆக ஆரம்பத்தில் கண் லியோவுடையது. ஆனால் பிக்காசோ க்யூபிசத்துக்குள் போனதும் லியோ நின்றுவிட்டார், அது அவருக்கு வெறும் அபத்தம். தங்கையின் எழுத்தும் அபத்தம். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் திட்டியிருக்கிறார், கெர்ட்ரூட்டுக்கு அதுவே போதுமான காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். தனக்கும் பிக்காசோவுக்கும் ஒரே எதிரி, அப்படியானால் ஒரே கட்சி. 1913, 14ல் வீடு பிரிந்தது, படங்களும் பிரிந்தன. ரெனுவாரின் படங்கள் பெரும்பாலும் லியோவுக்கு, பிக்காசோவின் படங்கள் இவருக்கு. செசானின் சின்ன ஆப்பிள் படம் ஒன்றை லியோ விட்டுக்கொடுக்கவில்லை. இவர் அதற்காக வருந்தியதைப் பார்த்து, 1914 கிறிஸ்துமஸுக்கு பிக்காசோ ஓர் ஆப்பிளை நீர்வண்ணத்தில் வரைந்து, பின்பக்கம் இவர் பெயரும் இவருடைய வாழ்க்கைத் துணை ஆலிஸ் டோக்லாஸ் பெயரும் எழுதிக் கொடுத்தார்.

ஓவியர்கள் இவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆவணமே இருக்கிறது. 1933ல் ஆலிஸின் தன்வரலாறு என்ற பெயரில் தன்னைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதிப் பெரும் புகழ் பெற்றார், அதில் ஊர்வம்பு முழுக்க உண்டு. 1935ல் ட்ரான்ஸிஷன் இதழ் அதற்கு மறுப்பாக ஒரு தனி இணைப்பே வெளியிட்டது. மத்தீஸ், ப்ராக், கவிஞர்கள் த்ஸாரா, சல்மோன் எல்லாரும் எழுதினார்கள். மத்தீஸின் மனைவிக்குக் குதிரை மாதிரி வாய் என்று எழுதியிருந்தார் ஸ்டைன், பின்னே அந்த மனிதர் சும்மா இருப்பாரா? தன் ஓவியத்தை உண்மையில் உணர்ந்தவர் மைக்கேலின் மனைவி சாராதான், கெர்ட்ரூட் இல்லை என்றார். ப்ராக் இன்னும் கடுமை: க்யூபிசத்தை வெறும் ஆட்களின் கதையாகவே பார்த்தார், சுற்றி நடந்தது எதுவும் இவருக்குப் புரியவில்லை.

ப்ராக் சொல்வது அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை நியாயம்தான். 1938ல் பிக்காசோ பற்றித் தனிப் புத்தகமே எழுதினார், அதையும் படித்துப் பாருங்கள், ப்ராக்குக்கு அதில் கிடைக்கும் இடம் ரொம்பக் குறைவு. க்யூபிசம் பாதி ப்ராக்கால் வந்தது என்றே அதை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் அதில் ஓர் இடம் எனக்கு மறக்காது. அமெரிக்காவில் முதல் தடவை விமானத்தில் பறந்தபோது கீழே தெரிந்த நிலத்தில் க்யூபிசக் கோடுகளைப் பார்த்தேன் என்கிறார், அந்த ஓவியர்கள் யாரும் அப்போது விமானத்தில் ஏறியதே இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

யாரையாவது நிஜமாகப் புரிந்துகொண்டார் என்றால் அது ஹுவான் கிரிஸ் என்ற க்யூபிச ஓவியரைத்தான் என்பேன். கிரிஸிடம் பிக்காசோவின் ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது, அளந்து அளந்து வேலை செய்தவர். 1926ல் ஓவிய வியாபாரி கான்வைலர் வெளியிட்ட ஸ்டைனின் சின்ன நூல் ஒன்றுக்கு லித்தோகிராஃப் போட்டுக் கொடுத்தார், அடுத்த வருடம் 40 வயதில் செத்துப்போனார். அதற்கு ஸ்டைன் எழுதிய அஞ்சலி அவருடைய மற்ற எழுத்து மாதிரி இல்லை, குரல் உடைகிறது. அப்போது துக்கம் விசாரிக்க வந்த பிக்காசோவிடம், அழுவதற்கு உனக்கு உரிமை இல்லை, அவனுடைய அர்த்தம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன்னிடம் அது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். தெரியும் என்று உனக்கே தெரியும் என்று பதில் சொன்னாராம் அவர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1935ல் பிக்காசோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கவிதை எழுத ஆரம்பித்தார். நண்பர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். ஸ்டைன் சட்டையைப் பிடித்து உலுக்கி, இது கவிதை இல்லை, போய் வரைகிற வேலையைப் பார் என்றார். சொற்களில் க்யூபிசம் சாத்தியம் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தால் அதைச் சொல்லியிருப்பாரா என்று யோசியுங்கள்.


ஒருவரி:

எல்லாரும் ஆப்பிள், குதிரை என்று பேசுகிறீர்கள். பெத்தைனின் உரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் இவர், அதையும் சொல்லுங்கள். நாஜிகளோடு ஒத்துப்போன விஷி அரசின் தலைவர் பெத்தைன்.


பழையபேப்பர்:

உண்மைதான், மறைக்கவில்லை. ஸ்டைனும் ஆலிஸும் யூதர்கள், போர்க்காலம் முழுக்கப் பிரான்சின் கிழக்கே கிராமப் பகுதியில் இருந்து பிழைத்தார்கள், விஷி அரசில் செல்வாக்கோடு இருந்த பெர்னார் ஃபாய் என்ற நண்பர் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தார். மொழிபெயர்ப்பு அச்சாகவில்லை. உயிருக்குப் பயந்தா, மனசார நம்பியா என்று ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். பயம் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெத்தைனை அவர் பாராட்டி எழுதியது இருக்கிறது. தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.


ஈரக்காகிதம்:

எல்லாருக்கும் நன்றி. செசானா சினிமாவா என்று நீங்களே ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதும் ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருக்கிறது :) பிக்காசோ கவிதை விஷயம் என் முதல் கேள்விக்கே பதில் மாதிரி படுகிறது. இனி எங்கிருந்து தொடங்கட்டும்? டெண்டர் பட்டன்ஸைத் தூக்கி வைத்துவிடவா?


சுண்ணாம்புச்சுவர்:

பழையபேப்பர் சொன்ன கவிதை விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. அது கொள்கை இல்லை, பொறாமை. ஓவியர்கள் மத்தியில் எழுத்தாளர் என்ற நாற்காலி அவருடையது, அதில் பிக்காசோ வந்து உட்கார்ந்தால் விடுவாரா?

டெண்டர் பட்டன்ஸை மூடி வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். முதலில் மத்தீஸ், பிக்காசோ இரண்டு சித்திரங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள், சின்னவைதான். பிறகு பிக்காசோவைப் பற்றியே 1923ல் அவர் எழுதிய இரண்டாவது சித்திரம், நெப்போலியன் பெயர் திரும்பத் திரும்ப வருமே, அது. அதை அவரே படித்த குரல் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. கண்ணால் படித்தால் தலைவலி, காதால் கேட்டால் சிரிப்பு வரும், தாளம் அவ்வளவு துல்லியம். அப்புறம் மெலங்தா. மேக்கிங் ஆஃப் அமெரிக்கன்ஸ் பக்கம் மட்டும் தனியாகப் போகாதீர்கள்.


நாலாம்வரிசை:

அந்தக் குரல் பதிவைக் கேட்கும்போது கையில் புத்தகம் வேண்டாம். முதல் தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை எங்கே ஒரு சொல் மாறுகிறது என்று மட்டும் பிடியுங்கள். பிடித்துவிட்டால் இங்கே வந்து எழுதுங்கள், அது செசானா சினிமாவா என்று அதை வைத்தே இவரோடு சண்டை போடுகிறேன்.